கையறுநிலை

சட்பரியில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
சுரங்க ஆய்வகத்தின் நிலவறைக்கு
ஏலத்தில் எடுத்த டேப் இயந்திரத்தை
நானும் ஸில்வெனுமாக இறக்கினோம்.
இருபத்துநாலு அறை, ஒரு டிரைவ்,
நடுவே தண்டவாளத்தில் ஓடும் ஒரு கை.
முன்பு இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் சொத்து.
சாவி வரவில்லை, கையேடும் வரவில்லை.

"ஓடுமா?" என்றான் ஸில்வென்.
"லினக்ஸில் எல்லாம் ஓடும்" என்றேன்,
ஆழம் பாராமல் காலை விட்டு.

கேபிளைக் கொளுவிவிட்டு
யார் யார் வந்திருக்கிறீர்கள் என்று
கெர்னலைக் கேட்டேன்.
டிரைவ் வந்திருக்கிறது என்றது.
கை?
அப்படி யாருமில்லை.

மின்சாரம் கொடுத்ததும்
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடி
ஒவ்வொரு பார்கோடாய் முகர்ந்து திரும்பியதை
நான் பார்த்தேன், ஸில்வெனும் பார்த்தான்.
கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறது.
பட்டியலில் இல்லை.
அரசன் மாண்டால் பாடுகிற துறை ஒன்று உண்டே,
அதன் பெயர் வாய்வரை வந்தது.
இங்கே அரசனும் இல்லை, சாவும் இல்லை,
கைதான் இல்லை.

மூன்று நாள்.
டிரைவரை ஏற்றினேன், இறக்கினேன்,
வேறு கேபிள் போட்டேன்,
டேப் குழுவில் என் பெயரைச் சேர்த்தேன்,
கடைசியில் ரூட்டாகவே போய் அதட்டிப் பார்த்தேன்.

நாலாம் நாள் மத்தியானம் கோப்பி ஆறுகையில்தான் புரிந்தது:
இரண்டுக்கும் ஒரே கேபிள், ஒரே விலாசம்.
டிரைவ் பூச்சியம், கை ஒன்று.
கணினியில் செருகியிருந்த கெட்டிக்காரக் கார்டு
பூச்சியத்தின் கதவை மட்டும் தட்டி
பதில் கிடைத்த திருப்தியில் போய்விடுகிறது.

எனக்குத் தெரியாததா இது?
ஸ்காபரோவில் மூன்று வருஷம் பேஸ்மென்ட்.
மேலே குகபாலன் குடும்பம், முன்கதவு, அழைப்பு மணி.
எனக்குக் குப்பைத் தொட்டிகளைத் தாண்டிப் பக்கக் கதவு.
வேலைப் பத்திரம் கொண்டுவந்த கூரியர்காரன்
மேலே மணியடித்தான்.
அந்தப் பெயரில் இங்கே யாருமில்லை என்றான்
குகபாலனின் கடைசி மகன், விளையாட்டை நிறுத்தாமல்.
கூரையில் காலடி போய் வந்தது கேட்டது.
கீழே சட்டையை அயன் பண்ணிக்கொண்டிருந்தேன்.

நாற்பது டாலருக்கு வேறு கார்டு வாங்கினோம்.
கெட்டித்தனம் ஒன்றும் கிடையாது,
எல்லாக் கதவையும் தட்டும்.
மறுபடி கேட்டேன்.
மீடியா சேஞ்சர் என்று ஒரு வரி.
ஸில்வென் திருப்பலிப் பாத்திரங்களின் பெயரையெல்லாம்
வரிசையாகச் சொன்னான்.
அவன் பிரெஞ்சில் அவைதான் கெட்ட வார்த்தை.

மூன்றாம் அறையில் இருப்பதை எடுத்துப்
பூச்சியத்தில் போடு என்றேன்.
முடியாது, அங்கே ஏற்கெனவே ஆள்.
வெளியே எடுத்தால்,
இன்சூரன்ஸ்காரர்களின் ஏதோ ஒரு வியாழன்,
நீலப் பேனாவில், அழகான கையெழுத்து.
என்ன இருக்கிறதென்று பார்க்கலாமா என்றான்.
வேண்டாம்.
இருபத்துநாலாம் அறையில் வைத்துவிட்டேன்.

திங்கள் இரவின் பாறை அதிர்வுகள் ஏறின.
செவ்வாயும் ஏறின.
புதன் காலை டேப்பில் ஒரே ஓர் இரவு.
எழுதி முடித்ததும் தொடக்கத்துக்கே சுருண்டுகொள்ளும் பெயர் ஒன்று,
முன்னால் ஓர் 'என்' சேர்த்தால்
நின்ற இடத்திலேயே நிற்கும் பெயர் இன்னொன்று.
நான் முதலாவதைக் கொடுத்திருந்தேன்.
எண்ணூறு மீட்டருக்குக் கீழே திங்களன்று முனகிய பாறைமேல்
செவ்வாய் ஏறி உட்கார்ந்துவிட்டது.
மூலம் டிஸ்க்கில் இருந்ததால்
ஒருவரும் ஏசவில்லை.

அந்த ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டுக்
கோட்டை மாட்டினேன். திரும்பி வந்தேன்.
லேபிள் மெஷினில் இரண்டு துண்டு அடித்து
ரேக்கின் முகப்பில் ஒட்டினேன்:
டிரைவ்.
அதற்குக் கீழே, அதே அளவு எழுத்தில்,
கை.