கட்டிலுக்கடியில் ஃபேன்

ஆட்கள் பார்க்க வரும் நாளில்
மிசிஸ் ஜயமான செய்கிற முதல் வேலை
ஃபேனைக் கழற்றிக்
கட்டிலுக்கடியில் தள்ளுவது.
வயரை நான் சுற்றிக் கொடுப்பேன்.
நுவரெலியாவில்
ஃபேன் நிற்கிற வீட்டை எவன் வாங்குவான்?

அப்புறம் ஜன்னலெல்லாம் சாத்தி
விடியற்காலத்துக் குளிரை உள்ளே வைத்துப் பூட்டுவோம்.
பத்தரை வரைக்கும் கெடாது.
பாலைப் போலத்தான்,
அதற்கு மேல் திரிந்துவிடும்.

பங்குனி.
மழை விழுந்து நாற்பத்தொரு நாள்.
கொழும்பில் ஒரு டிகிரி ஏறினால்
இங்கே பேர்ச்சுக்கு ஒரு லட்சம் ஏறுகிறது.
பகல் ஒரு மணிக்குக் கூப்பிடுவார்கள்,
பெயர்கூடச் சொல்லாமல்,
"அங்க இப்ப எப்படி? குளிரா?"
தகரத்துக்குக் கீழே
பனியன் முதுகில் ஒட்ட நின்றுகொண்டு
"ஸ்வெட்டர் கொண்டாங்க சேர்" என்பேன்.

தெஹிவளையிலிருந்து டொக்டர் ஹில்மி வந்தார்.
மனைவி.
கழுத்தெல்லாம் வேர்க்குரு பூத்த ஒரு பையன்.
டொக்டர் சுவரில் உள்ளங்கையை வைத்து
நோயாளியின் நெற்றியைப் பார்ப்பதுபோல்
நெடுநேரம் வைத்திருந்தார்.
தண்ணீர் வருமா என்றார்.
குழாயைத் திறந்தேன், வந்தது.
காலையில் பவுசர்க்காரனுக்கு
நாலாயிரம் கொடுத்தது எனக்கும்
மிசிஸ் ஜயமானவுக்கும் தெரியும்.

பதினெட்டு என்றார் டொக்டர்.
இருபத்திரண்டு என்றேன்.
மலைக்குப் பின்னால் முகில் ஏதும் கூடுகிறதா என்று
ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே.
முதல் மழை விழுந்தால்
கொழும்புக்காரருக்கு வீட்டு ஆசை இறங்கிவிடும்,
விலை அதன் பின்னால் வழுக்கிக்கொண்டு போகும்.

பையன் இதற்குள் சட்டையைக் கழற்றிவிட்டு
சிமெந்துத் தரையில் குப்புறப் படுத்திருந்தான்.
கன்னத்தைத் தரையோடு அழுத்தி
கண்ணை மூடி.
மூடிய கண் திறந்தபோது
நேரே கட்டிலுக்கடியில் பார்த்தது.
கையை நீட்டி
விரலால் றெக்கையை ஒரு சுற்றுச் சுற்றினான்.
"வாப்பா, இங்க ஒரு ஃபேன்."

மிசிஸ் ஜயமான திரைச்சீலையைச் சரிசெய்தார்,
அது சரியாகத்தான் இருந்தது.
எனக்கு நாக்கு எழவில்லை.
டொக்டர் குனிந்து பார்த்தார்.
நிமிர்ந்து,
"எங்க வீட்டில ஏழு ஓடுது" என்றார்,
"புள்ள ராவில தூங்கி இருபது நாள்."
இருபதரைக்கு முடிந்தது.

தரகுப் பணத்தோடு
ஃபேனையும் என்னிடமே தந்துவிட்டார் மிசிஸ் ஜயமான.
மெல்பேர்னில் மகள் வீட்டில்
எல்லாவற்றுக்கும் மெஷின் இருக்கிறதாம்.

கீழ்க்கணக்குக்கு நான் இறங்கும்போது மணி ஆறரை.
பகலெல்லாம் குடித்த வெயிலைத்
தகரம் இன்னும் காம்பராவுக்குள் கக்கிக்கொண்டிருந்தது.
கொழுந்து கருகிப்போய்
பவளராணிக்கு இந்தக் கிழமை மூன்று நாள் அரைப்பேர்.
ஃபேனை ஸ்டூலில் ஏற்றிச் சுவிட்சைப் போட்டேன்.
சூட்டை எடுத்துச் சூட்டின் மேல் வீசியது.
பல்ப் மங்கிச் சிவந்தது.
சுவருக்கு அந்தப் பக்கம்
"எவன்டா அது?" என்று கத்தினார்கள்,
பிறகு அதற்கும் அந்தப் பக்கம்.
ஒரே வயரில் ஆறு காம்பரா.
கழற்றி வைத்தேன்.

பேர்ச் எவ்வளவுக்குப் போனது என்று கேட்டாள்.
சொன்னேன்.
எங்களுக்கென்று சொல்லப்பட்ட ஏழு பேர்ச்சை
அந்தக் கணக்கில் பெருக்கிப் பார்க்க ஆரம்பித்தாள்,
கொழுந்துக் கறை படிந்த விரல்களை
ஒவ்வொன்றாய் மடக்கி.
நாலாவது விரலில் நிறுத்திவிட்டாள்.
பேர்ச் இருக்கிறது என்கிறார்கள்,
உறுதி இல்லை.

"நாளைக்கும் ஆட்கள் வாறாங்களா?"
"வாறாங்க. பத்துக்கு முன்ன."