கிடை

செப்டம்பர் கடைசி ஞாயிறு. சோட்கமோவுக்கு வடக்கே
மூடிப்போன மரமில்லின் பின்னாலுள்ள காடு.
மூன்று பேர், மூன்று பைகளில் தட்டுகள்,
ஒரு ஃபிளாஸ்க் காபி, ஒரு அளவுநாடா.
நாடா வில்ஹோவுடையது. வரி அலுவலகத்திலிருந்து
அவர் ஓய்வு பெற்றுவிட்டார்; நாடா பெறவில்லை.

தட்டு விழுந்து நின்ற இடத்துக்குக் கிடை என்று பெயர்.
கிடைத்ததுதான் கிடை.
அதன் பின்னால் ஒரு தாளளவு நிலம் உனக்கு.
காலோ முழங்காலோ அதில் ஊன்று, அங்கிருந்தே எறி.
முன்னால் கிளை இருந்தால் இருக்கட்டும்.
வளைக்காதே, ஒடிக்காதே, வேரோடு ஒட்டியிருக்கும்
எதையும் உன் வசதிக்கு நகர்த்தாதே.
பிடிக்கவில்லையா, பின்னுக்குப் போ,
கூடையிலிருந்து இழுத்த அதே நேர்க்கோட்டில்,
எவ்வளவு தூரம் வேண்டுமானாலும்.
விலை ஒரு எறி.

நான்காம் கூடையில் ஹில்க்காவின் மஞ்சள் தட்டு
ஸ்புரூஸ் மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது.
வில்ஹோ நாடாவை நீட்டினார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்:
இரண்டு மீட்டர், மூன்று சென்டிமீட்டர்.
இரண்டைத் தாண்டினால் அபராதம். இந்தக் களத்தில் அப்படி.
நாடா சுருண்டு உள்ளே போகவும்
எங்கிருந்தோ ஒரு காற்று வந்து தட்டைத் தள்ளிவிட்டது.
பாசியில் தொப்பென்று.
மூவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.
"அளந்தாயிற்றே" என்றாள் ஹில்க்கா,
பென்சிலை வாங்கித் தன் கணக்கில் தானே ஒன்று கூட்டினாள்.

ஏழாவதில் நான்.
ஜூனிப்பர் புதர், இடுப்பு உயரம். உள்ளே ஊசிப்பெட்டி.
நடுவில் என் நீலத்தட்டு முகம் கவிழ்ந்து கிடக்கிறது.
முள்ளுக்கு விதியில் சலுகை இல்லை.
குளவிக்கு உண்டு. கொட்டும் பூச்சி இருந்தால்
விலகி நிற்கலாம், கைக்காசு செலவில்லாமல்.
குத்தினால் கட்டணம், கொட்டினால் இலவசம்.
எழுதியவர் கொட்டு வாங்கியவராக இருக்கும்.

கிளைக்கடியில் சாம்பல்நிறக் கூடு ஒன்று தொங்கியது.
"குளவி" என்றேன்.

ஒரு சொல்தான். அதுவும் பொய்யில்லை,
கூடு குளவியுடையதுதான்.
இரண்டு ராத்திரியாக உறைபனி விழுந்ததையும்
காலையில் கார்க் கண்ணாடியை நானே சுரண்டியதையும்
அந்தச் சொல்லுக்குள் வைத்து மூடினேன்.
போன மார்ச்சில் இடுப்புவலி என்று மூன்று நாள் விடுப்பு வாங்கி
ஏரிப் பனியில் துளைபோட்டு மீன்பிடித்ததும் இப்படித்தான்:
இடுப்பு மெய்யாகவே வலித்தது,
அதற்கு முந்தின வாரம்.

வில்ஹோ நாடாவை எடுக்கவில்லை.
புதரோரம் குனிந்து, கூட்டின் பக்கம்
ஒரு காதைக் கொடுத்து வெகுநேரம் நின்றார்.
இடது காது. கேட்காத காது.
"நீ சொன்னால் சரி" என்றார் நிமிர்ந்து.
ஹில்க்கா ஃபிளாஸ்க் மூடியை இறுக்கினாள்,
இறுகிவிட்டதை மறுபடி இறுக்கினாள்.

எறிவதற்கு முப்பது விநாடி.
அதில் எத்தனை போயிற்று என்று யாரும் எண்ணவில்லை.

நான் புதருக்குள் இறங்கினேன்.
முழங்காலைத் தாளளவு நிலத்தில் வைத்தேன்.
கை வீச இடமில்லை, மணிக்கட்டை மட்டும் சுண்டினேன்.
தட்டு நான்கு மீட்டர் போய்
ஒரு பிர்ச் மரத்தின் காலடியில் சாய்ந்துகொண்டது.
கிளை அதிர்ந்து கூடு அறுந்து என் தோளில் விழுந்தது.
பழைய செய்தித்தாளின் எடைகூட இல்லை.

கூடைச் சங்கிலி ஒருவழியாகக் கலகலத்தபின்
"ஏழு எழுதுங்கள்" என்றேன்.
வில்ஹோ விரல்விட்டு எண்ணினார். "ஆறுதானே?"
"ஏழு."
எந்த விதிப்படி என்று அவர் கேட்கவில்லை.
அவர் கேட்காமல் விட்டு நான் பார்த்ததில்லை.

எட்டாவது, ஏரியைப் பார்த்து எறிய வேண்டும்.
ஹில்க்கா காற்றுக்கு விரலை உயர்த்தினாள்.
நான் கால்சட்டையிலிருந்து ஊசிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்,
சில உடனே வந்தன.