அரை அழுத்தம்

சங்கம் வாங்கிய கேமரா
சோப்புக் கட்டி அளவு, வெள்ளி நிறம்.
மூன்று நாளில் நாற்பத்திரண்டு முகம் வேண்டும்
என்றார் செயலாளர் எலிசேயோ.
புதிய உரிம அட்டைக்கு.
அட்டை இல்லாதவள் இனி
மட்டி தோண்ட மணலில் இறங்கக் கூடாது.

எனக்குத் தெரிந்ததெல்லாம்
ஏலக்கூடத்தில் எடை எழுதுவது.

முதல் நாள் ஃபிளாஷ் போட்டு எடுத்தேன்.
பதினோரு பேரும்
நள்ளிரவில் சுங்கப் படகிடம் சிக்கியவர்கள் போல இருந்தார்கள்.
கண்ணில் சிவப்பு, நெற்றியில் எண்ணெய்.
உஷீயா திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"இது என் மாமியார். நான் எங்கே?"

கிட்டே போனால் மூக்கு முந்திக்கொண்டு வருகிறது.
நாலடி பின்னால் போய் ஜூமை இழுத்தால்
தன் இடத்துக்குத் திரும்பிவிடுகிறது,
அதட்டியதும் வாசலுக்குப் போகும் நாய் மாதிரி.
இதைக் கண்டுபிடிக்க
எனக்கு ஒரு முழு மதியம் ஆனது.

ஃபிளாஷை அணைத்தேன்.
இரும்புக் கதவை ஒரு பக்கம் மட்டும் திறந்துவைத்தேன்.
வெளியே கலீசியாவின் மழை,
மூன்று வாரமாக அதே மழை.
மேகம் வடிகட்டிக் கொடுத்த வெளிச்சம்
அரிசி களைந்த நீரின் நிறத்தில் வந்து
ஒரு கன்னத்தில் விழுந்தது.
மறு கன்னத்துக்கு
மீன்பெட்டியின் வெள்ளை மூடியைப் பிடித்து நின்றான் ஷூர்ஷோ.
நிழல் கொஞ்சம் இளகியது.
அவன் கை வலித்துத் தாழும்போதெல்லாம்
ஒருத்திக்கு வயது கூடியது.

பொத்தானைப் பாதிதான் அழுத்த வேண்டும் முதலில்.
பச்சைச் சதுரம் முகம் தேடி அலையும்,
சுவரில் தொங்கும் ரப்பர் பூட்ஸைப் போய்ப் பிடிக்கும்,
விடும்,
மறுபடி வரும்.
கண்ணில் வந்து உட்கார்ந்ததும் மீதிப் பாதி.
அதற்குப் பிறகும் இந்தச் சோப்புக் கட்டி
ஒரு மூச்சு யோசிக்கும்.

அந்த ஒரு மூச்சில்தான் எல்லாம் கெட்டுப்போகிறது என்று
இரண்டு நாள் அதைத் திட்டினேன்.

மூன்றாம் நாள், நீர் வற்றும் நேரம் நெருங்க
தொரிந்தா வந்தாள். நாற்பத்திரண்டாவது.
மேல்வரிசையில் ஒரு பல் இல்லை அவளுக்கு.
உதட்டைத் தைத்ததுபோல் மூடிக்கொண்டு
தேவாலயச் சிலை மாதிரி நின்றாள்.
ஒன்று எடுத்தேன், அட்டைக்கு ஆகும்.
இன்னொன்றுக்கு விரலை முழுக்க அழுத்திவிட்டு
அவசரத்தில் "ஆச்சு" என்றேன்.
கேமரா அப்போதுதான் யோசிக்க ஆரம்பித்திருந்தது.

"இவ்வளவுதானா,
இதற்கா தலை சீவினேன்"
என்று அவள் மூச்சை விட்டுத் திரும்ப,
கிளிக்.

கன்னத்தில் ஒட்டிய ஈர மயிர்.
பல் இல்லாத இடம் திறந்து கிடக்கிறது.
கண் கதவுக்கு வெளியே,
கடல் எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது என்று
கணக்குப் பார்க்கிறது.
இருபத்தாறு வருடமாக அதே கணக்கு.

திரையை வெகுநேரம் பார்த்தாள்.
"அழி" என்றாள்.
நான் பொத்தானைத் தேடுவதற்குள்
"இரு" என்றாள்.

இரண்டையும் அனுப்பிப் பார்த்தோம்.
வாய் மூடியிருக்க வேண்டும், பார்வை நேராக இருக்க வேண்டும்
என்று பதில் வந்தது.
அட்டையில் இப்போது இருப்பது சிலை.
மற்றதை நாலு யூரோ கொடுத்துப் பெரிதாக்கி வாங்கிப் போனாள்.
உன் வீட்டில் காணோமே என்றால்
வேறொரு வீட்டில் இருக்கிறது என்கிறாள்.
யார் வீட்டில் என்று சொல்வதில்லை.

அன்றைக்கே, கையுறையைக் கழற்றாமல்,
என்னையும் ஒன்று எடுத்தாள்.
பாதி என்பதே தெரியாத விரல்,
ஒரே அமுக்கு.
படத்தில் நான் புகை.
எனக்குப் பின்னால் விலைப்பலகையில்
மட்டி, கிலோ, பதினொன்று ஐம்பது:
ஒவ்வொரு எழுத்தும் துல்லியம்.