ஏழு கொக்கிகள்

பிப்ரவரியில் விற்கிறார்கள் என்றபோதே
நான் சுதாரித்திருக்க வேண்டும்.
குளிர்மயிர் அடர்ந்து, பிடரி தழைந்து,
தோல் தன் கணக்கை உள்ளே மடித்து வைக்கும் மாதம் அது.

மோமெ லாயத்தில் விளக்கைப் போடவில்லை.
"பத்து வயசு. ஐஸ்லாந்துப் பிறப்பு.
பேர் ப்ளைர், அவங்க பேச்சில் இளங்காற்று.
நொண்டாது. உதைக்காது. கடிக்காது."

கடிக்காதுதான். கடிபடும்.
அதை அவன் சொல்லவில்லை, கதவுநிலை சொன்னது.
ஒரு குதிரையின் பின்புற உயரத்தில்
மரம் வழவழவென்று தேய்ந்து
வெடிப்புகளில் சாம்பல் மயிர் சிக்கியிருந்தது.

நான் அதில் விரல் வைத்ததும்
மோமெ தொப்பியைக் கழற்றினான்.
பிறகு நிறுத்தாமல் எல்லாம் சொன்னான்,
வயிற்றில் கிடந்ததைக் கக்குகிறவன்போல.

ஏப்ரலில் ஆரம்பிக்கும். பொடிக்கொசு.
குட்டியாக அது ஓடிய மேட்டில்
அந்தக் கொசு இருந்ததில்லை,
ரத்தத்துக்கு இந்தப் பகை பழக்கமில்லை.
வாலடியும் பிடரியும் பச்சைப் புண்ணாகும்வரை தேய்க்கும்.
களிம்பு கொஞ்சம் கேட்கும், ஊசி கொஞ்சம் கேட்கும்.
தீராது.
திருப்பி அனுப்பவும் வழியில்லை.
ஒருமுறை தீவைத் தாண்டிய குதிரையை
அந்த நாடு மறுபடி உள்ளே சேர்ப்பதில்லை.

குணமறிந்துதான் குதிரைக்குக் கொம்பு வைக்கவில்லை என்பார்கள்.
வைத்திருந்தால் பாவம்,
முதுகையாவது சொறிந்துகொண்டிருக்கும்.

மோமெயின் மகள் இங்கென், கேட்காமலே
ஒரு போர்வையைத் தூக்கிவந்தாள்.
சல்லடைத் துணி, வரிக்குதிரை வேஷம்,
காதுமுதல் வால்நுனிவரை.
"வயித்துக்கடியில் ஏழு கொக்கி," என்றாள்.
"பொழுது சாயறதுக்குள்ள மாட்டிடணும்.
ஒண்ணு விட்டாலும் உள்ளே போயிடும்."
அவள் எட்டுக் கோடைகளில்
ஒரு பிறந்தநாள் விருந்துக்கும் இருட்டும்வரை இருந்ததில்லையாம்.
வருத்தமாகச் சொல்லவில்லை. கணக்காகச் சொன்னாள்.

விலை பாதிக்கும் கீழே.
விலை ஒரு பொருட்டே இல்லை.

நான் மதகு பார்ப்பவள்.
கடல் வற்றும்போது திறக்க வேண்டும்,
ஏறும்முன் அடைக்க வேண்டும்,
இல்லையென்றால் சதுப்பில் பாதி ஊர் முழங்காலளவு நிற்கும்.
கடல் தினமும் ஐம்பது நிமிஷம் பிந்தி வருகிறது.
கொசு ஒருநாளும் அந்தியைத் தவறவிடாது.

இரவு, சமையலறை மேசையில்
ஓத அட்டவணையை விரித்து
இரண்டும் மோதும் நாட்களைப் பென்சிலால் வளைத்தேன்.
ஐம்பத்து மூன்று மாலைகள்.
குதிரை முப்பதுவரை இருக்கும் என்றால்
எனக்கு அப்போது எழுபத்தாறு.
பெருக்கிப் பார்க்கவில்லை.

ஒரு குதிரையை வாங்குவதென்றால்
ஒரு மனிதனிடம் போய்க் கேட்க வேண்டும் என்று
யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

பக்கத்து நிலம் கேத்தலுடையது.
வாய்க்கால் சேற்றை யார் கரையில் கொட்டுவது என்று
ஆறு வருஷமாய்ப் பேச்சில்லை.
கதவைத் திறந்தான், உள்ளே வா என்னவில்லை.
அட்டவணையை நீட்டினேன்.
கொசு, கடல், போர்வை, எல்லாவற்றையும்
தப்பான வரிசையில் சொல்லி முடித்தேன்.
அவன் என் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எத்தனை கொக்கி?"

"ஏழு."

இடது கையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தான்.
இரண்டு விரல் மடங்காது.
எப்போது நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை.
இருநூறு தப்படி தூரத்தில் இருந்திருக்கிறேன்,
தெரியவில்லை.

"மெதுவாத்தான் மாட்டுவேன்," என்றான்.
"அது நிக்குமா?"

நிற்குமா என்று நான் மோமெயிடம் கேட்டிருக்கவில்லை.
இன்னும் கேட்கவில்லை.
மார்ச் பிறந்துவிட்டது.
பென்சிலும் ரப்பரும் மேசைமேலேயே கிடக்கின்றன.
காலையில் மதகடைக்க அணைமேல் ஏறினேன்.
அங்கே எப்போதும் வீசுவது
இன்று வீசவில்லை.