ஏழாம் எண் நாற்காலி

நீதிபதி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தார்:
நீங்கள் தேடவேண்டியது தலைசிறந்த மருத்துவரை அல்ல,
கைராசிக்காரரையும் அல்ல.
இந்த ஊரில், அந்த வருடத்தில், அந்த வேலையில்
சாதாரணமான ஒரு மருத்துவர்
என்ன செய்திருப்பாரோ அதுவே அளவுகோல்.

இந்த ஊரில் என்றால்,
ஐடஹோ மாநிலம், சால்ட்ஃபோர்க்.
ஒரே மருத்துவமனை, பதினான்கு கட்டில்.
ஸ்கேன் எடுப்பவர் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார்,
கூப்பிட்டால் வருவார்.
சில்லறையை விழுங்கிவிட்டுக் காபி தராத ஓர் எந்திரம்.
பெரிய ஆஸ்பத்திரி கணவாய்க்கு அந்தப் பக்கம்,
தொண்ணூற்றாறு மைல்.

லைல் ஹாகன் வந்தது ஜனவரி பத்தொன்பது, இரவு பதினொன்றே கால்.
நெஞ்சில் தொடங்கி முதுகுக்கு ஓடிய வலி.
"கிழிகிற மாதிரி" என்றானாம்.
செவிலியர் அதை அப்படியே எழுதியிருக்கிறார்,
மேற்கோள் குறிகளோடு.
காகிதம் கைமாறி என்னிடம் வந்தபோது
அந்தக் குறிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சின்னக் கொக்கிகள்.

மருத்துவர் ஸ்ட்ரௌட் அமிலத்துக்கு மருந்து கொடுத்தார்.
இ.சி.ஜி. எடுத்தார், அதில் குறையில்லை.
இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம் பார்த்தீர்களா?
ஒரு கையில் பார்த்தேன்.
இன்னொரு கைக்கு எவ்வளவு நேரம் ஆகும்?
"ஒரு நிமிடம்," என்றார்.
பிறகு யாரும் கேட்காமலே,
"அதற்கும் குறைவு."

பாய்சியிலிருந்து வந்த நிபுணருக்கு
எங்கள் ஊர் வழக்கம் தெரியாது.
சட்டம் கேட்கிறதென்று
இங்கே ஒருவரைத் தொலைபேசியில் விசாரித்துத் தெரிந்துகொண்டாராம்.
நாற்பது நிமிடப் பேச்சு.
நாற்பது நிமிடத்தில் சால்ட்ஃபோர்க் முழுவதும்.

இரண்டு மணிக்கு வலி ஏறியது, சந்தேகம் வந்தது.
ஹெலிகாப்டர் பனியில் பறக்காது என்றார்கள்.
ஆம்புலன்ஸ் கிளம்பத் தயாராக நின்றது.
சான்று முப்பத்தொன்று: கணவாய்ச் சாலை
ஒன்று பத்து முதல் ஐந்து நாற்பது வரை மூடல்.
லைல் நான்கு இருபதுக்கு இறந்தான்.
டார்லீன் ஹாகன் மூன்றாம் வரிசையில்
கையுறைகளைக் கழற்றவே இல்லை, நான்கு நாளும்.

தேர்வு நாளில் எங்களைக் கேட்டார்கள்.
மருத்துவரைத் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள்.
எல்லோரும் தூக்கினோம்.
என் கட்டைவிரலில் அவர் போட்ட ஆறு தையல் இருக்கிறது.
நடுநிலையாக இருக்க முடியுமா? முடியும்.
என்ன வேலை? நெடுஞ்சாலைத் துறை.
வக்கீலம்மா குறித்துக்கொண்டு
அடுத்தவரிடம் போய்விட்டார்.

பனி வாரும் வண்டி என்னுடையது.
மைல் கல் நாற்பத்தொன்றில், ஒதுக்கிடத்தில்,
எஞ்சினை ஓடவிட்டுத் தலை சாய்த்தேன்.
பத்தொன்பது மணி நேரமாக ஓட்டியிருந்தேன்.
கண் விழித்தபோது
முன்கண்ணாடி முழுக்க வெள்ளை.
சான்றின் அடியில் இருப்பது என் மேலாளரின் கையெழுத்து.
அதில் "கடும் பனிப்பொழிவு" என்றிருக்கிறது.
பொய்யில்லை.

இப்போது உள்ளறை. ஆறிப்போன பீட்சா.
ட்வைலா சொல்கிறாள்:
அவரும் இருபத்தேழு மணி நேரம் தூங்கவில்லை, பாவம்.
கிழவர் எமெட் சொல்கிறார்:
ஒரு நிமிடம். ஒரே ஒரு நிமிடம்.
பதினொன்றரைக்கே இரண்டாவது கையைப் பார்த்திருந்தால்
சாலை திறந்துதானே இருந்தது?

பன்னிரண்டில் ஒன்பது பேர் போதும்.
எட்டுக் கைகள் மேலே நிற்கின்றன.
எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்.

சாதாரணமான ஓர் ஓட்டுநர்
என்ன செய்திருப்பார் என்று யாரும் கேட்கவில்லை.
சாதாரணமான ஓட்டுநர் தூங்கியிருப்பார்.
அது எனக்குத் தெரியும், ராபும் தூங்குவான், டேலும் தூங்குவான்.
அதனால் என்ன ஆகிவிடுகிறது?

காவலரிடம் ஒரு தாள் கேட்கிறேன்.
ஏதோ சான்றை மறுபடி பார்க்கப்போகிறேன் என்று நினைத்து
ட்வைலா பெருமூச்சு விடுகிறாள், கையை இறக்காமல்.
பென்சில் முனை மழுங்கியிருக்கிறது.

கனம் நீதிபதி அவர்களுக்கு,
ஜனவரி இருபதாம் தேதி,
பன்னிரண்டரையிலிருந்து ஒன்று பத்து வரை
நான்