புல்லில் ஒரு வட்டம்

உலான்பாத்தரில், மூன்றாம் மாடியில்,
ஹோஸ்டிங் கம்பெனியின் உதவி எண்ணில்
இரவுப் பணி எனக்கு.
வெளியே மைனஸ் ஒன்பது. அக்டோபர்தான்.

கொங்கோர்சூல் அழைத்தாள்.
அர்ஹங்காயில் குன்றேறினால்தான் சிக்னல்,
அதனால் முதலில் வந்தது காற்று,
அடுத்து ஒரு குதிரையின் செருமல்,
மூன்றாவதாகத்தான் குரல்:
"என் கடை எங்கே போச்சு?"

ஆட்டுரோமத்தை அடித்து அழுத்திக்
காலணி செய்கிறாள். இணையத்தில் விற்கிறாள்,
முகம் தெரியாத பாதங்களுக்கு.

பயிற்சிக் கையேட்டில் பக்கம் நான்கு:
'டொமைன் எனப்படுவது யாதெனில்…'
வாசித்தேன்.
கொட்டாவி கேட்டது.
அவளாகவும் இருக்கலாம், குதிரையாகவும்.

மூடி வைத்தேன்.
"உங்கள் கெர் இப்போது எங்கே நிற்கிறது?"
"குளிர்கால இடத்துக்கு மாறியாச்சு.
சரிவுக்கு அந்தப் பக்கம், காற்று மறைவில்."
"தேடி வருகிறவர்கள்?"
"என் பெயரைக் கேட்பார்கள்.
யாராவது கை காட்டுவார்கள்."

அந்தப் பெயர்தான் டொமைன்.
இடத்துக்கு ஓர் எண் உண்டு, ஐபி முகவரி;
அதை யாரும் மனப்பாடம் செய்வதில்லை.
கை காட்டுகிறவர் டிஎன்எஸ்.
நீங்கள் இடம் மாறிய செய்தி
அவர் காதுக்கு எட்ட இரண்டு நாள்கூட ஆகும்,
அதுவரை பழைய பக்கமே காட்டுவார்.

"ஹோஸ்டிங்?"
"மேய்ச்சல் நிலம் மாதிரி. மாத வாடகை."
"நிலத்துக்கு வாடகையா!" என்றாள்.
பதில் சொல்லத் தெரியவில்லை. தாண்டினேன்.

சர்வர், அடுப்பு அணையாத கூடாரம்.
நடுச்சாமத்தில் யார் கதவைத் தள்ளினாலும்
கேட்டதை எடுத்துவைக்க ஆள் இருக்கும்.
"அந்த ஆளுக்குச் சம்பளம்?"
"மின்சாரம்."
சிரித்தாள், முதல் முறையாக.

பேண்ட்விட்த் நான் சொல்லவே இல்லை;
"கணவாயில் ஒரே நேரத்தில்
எத்தனை ஆடு நுழையும், அதுதானே?" என்றாள்.
கையேட்டில் அதற்கு ஒன்றரைப் பக்கம்.

இத்தனை பேச்சிலும்
ஒன்றை மறைத்துக்கொண்டிருந்தேன்.
போன செவ்வாய்க்கிழமை
அவள் கடையைப் பழைய சர்வரிலிருந்து
பெயர்த்து வைத்தது நாங்கள்தான்.
மின்னஞ்சல் அனுப்பினோம்.
அவளோ அன்று வீட்டையே வண்டியில் ஏற்றி
எருதுகளோடு நடந்துகொண்டிருந்தாள்.
வழியில் ஒரு பெட்டி விழுந்துவிட்டது,
எங்கள் வண்டியிலிருந்து:
படங்கள் இருந்த கோப்புறை.

சொன்னேன்.
காற்று மட்டும் கேட்டது.

"படம் இருந்த இடத்தில் நானூற்று நான்கு என்று வருகிறதே,
அது என்ன?"
"வழி சரிதான். தேடி வந்த பொருள் அங்கே இல்லை."
"கெர் பிரித்தபின்
புல்லில் மஞ்சளாக ஒரு வட்டம் கிடக்குமே."
"ஆமாம்," என்றேன். "அதுதான்."

பேக்கப் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.
கேட்டேன். அப்படியென்றால் என்ன என்று
அவள் கேட்கவில்லை; புரிந்துவிட்டது.
"காலணியை இன்னொன்று செய்துகொள்வேன்.
படத்துக்கு நின்றது என் தங்கையின் கால்கள்.
அவள் இப்போது சியோலில்.
நேற்றுகூடப் பார்த்தாளாம் கடையை,
எல்லாம் அப்படியே இருக்கிறதாம்."

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.
"எந்தக் கம்ப்யூட்டரில்? மூடிவிட்டாளா?"

கேஷ் என்று ஒன்று உண்டு.
போன முறை கண்டதை
ஞாபகத்திலிருந்தே எடுத்து நீட்டும் சோம்பேறி.
ஆறு வருடமாக அதைத் திட்டியே
சம்பளம் வாங்குகிறேன்.
அழியுங்கள், காலி செய்யுங்கள்,
ரெஃப்ரெஷ் அழுத்துங்கள் என்று
தினமும் நாற்பது பேருக்குச் சொல்கிற வாயால்
கத்தினேன்:
"தங்கையைக் கூப்பிடுங்கள்.
அந்த வட்ட அம்புக்குறியைத் தொடவேண்டாம் என்று சொல்லுங்கள்.
ஒவ்வொரு படமாகச் சேமிக்கட்டும்—"

குதிரை. காற்று.
பிறகு அதுவும் இல்லை.

சியோலில் அப்போது விடியவில்லை.
தூக்கக் கலக்கத்தில் ஒரு விரல்
எந்தப் பக்கம் போகும் என்று
எந்தக் கையேட்டிலும் இல்லை.

ஐந்து மணிக்கு டிக்கெட்டில் ஒரு கோப்பு வந்தது.
பதினொரு படங்கள்.
'பன்னிரண்டு இருந்தன' என்று ஒரு வரி.

எது குறைகிறது என்று நான் கேட்கவில்லை.
பக்கம் நான்கின் ஓரத்தில்,
பேனா வராமல் இருமுறை உதறி,
ஒரு வட்டம் போட்டேன்.