உள்ளேன் அம்மா

காளவாசல் சிக்னல் மஞ்சளாய் மட்டும் கண்சிமிட்டும் நேரம்.
சாவியை முதல் திருகில் நிறுத்துவேன்.
இஞ்சினை எழுப்ப மாட்டேன்,
மூன்று மூச்சு விடும்வரை.

மீட்டர் பலகையில் எல்லோரும் எழுந்து நிற்பார்கள்.
பேட்டரிப் பெட்டி.
வட்டத்துக்குள் ஆச்சரியக்குறியாய் கை பிரேக்.
அலையில் கால் நனைக்கும் காய்ச்சல்மானி.
நெஞ்சில் வார் போட்ட மனிதன்.
குந்தியிருக்கும் எருமை மாதிரி இஞ்சின் படம்.
உள்ளேன் அம்மா, உள்ளேன் அம்மா.
எண்ணுவேன். பதினொன்று.

மறு திருகில் வண்டி உறுமும்,
ஒவ்வொருவராய் உட்கார்ந்துவிடுவார்கள்.
பலகை இருட்டானால் புறப்படலாம்.

முதலாளி வண்டி ஓட்டிய காலத்தில்
முள்ளின் பேச்சு எனக்குப் புரியாது.
பம்ப் படத்துக்குப் பக்கத்தில் மிளகளவு முக்கோணம்,
டேங்க் மூடி எந்தப் பக்கம் என்று அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்க,
பங்க்குக்குப் பங்க் இறங்கி எட்டிப் பார்த்தவள் நான்.
இப்போது தெரியும்:
வேகமுள் கொஞ்சம் பெருமைக்காரன்,
அவன் எண்பது என்றால் போன் எழுபத்தாறு என்கிறது.
பெட்ரோல் முள் பாதிவரை சோம்பேறி,
பாதிக்குக் கீழே பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன்.

போன மாதம் முன் சீட்டில்
ஒரு மூட்டை பருத்திக்கொட்டை.
ஆள் என்று நம்பி
பெல்ட் போடு பெல்ட் போடு என்று
நாகமலை தாண்டியும் கிணுகிணுத்தது.
போட்டுவிட்டேன்.
கருமாத்தூர்வரை மூட்டை மரியாதையாக வந்தது.

மாட்டுத்தாவணியில் இந்த வண்டியைக் காட்டும்போது
புரோக்கர் தவசி சாவியைத் திருகிச் சிரித்தான்.
"டாக்டர் வீட்டு வண்டிக்கா.
பாருங்க, மீட்டர்ல ஒத்த விளக்கு எரியுதா?"
எரியவில்லை.
முன்பணம் எண்ணிக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை பழங்காநத்தம் ஷெட்டில்
வழியை மறித்து நின்ற வேறொரு வண்டி.
அதே வருஷம், அதே வெள்ளை.
"கொஞ்சம் பின்னாடி எடுத்து விடும்மா" என்றார் சிக்கந்தர் அண்ணன்.
சாவி, முதல் திருகு.
பழக்கதோஷம், எண்ணினேன்.
பன்னிரண்டு.

சிவப்பாய் ஒருவர் கூட இருக்கிறார்.
பிள்ளைக்கு மருந்து புகட்டும் பாலாடை மாதிரி,
மூக்கு நீண்டு
நுனியில் ஒரு சொட்டு.

"இது யாருண்ணே?"
"ஆயில் பிரஷர். ஒன் வண்டில இல்லையா?"
"எரிஞ்சதே இல்ல."
"சாவி போட்டவொடனயாவது?"
"எப்பவுமே இல்லண்ணே."
ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

என் பலகையைக் கழற்றி
மடியில் வைத்துப் பிரித்தோம்.
பாலாடை இருக்கவேண்டிய இடத்தில்
கறுப்பு இன்சுலேஷன் டேப்,
கத்தரியால் வெட்டி, நாலு மூலையும் மழுக்கி,
காற்றுக்குமிழ் இல்லாமல் அழுத்தி ஒட்டியது.
திருடன் கை இல்லை அது.
பொறுமையாக, வெளிச்சத்தில் உட்கார்ந்து,
ஒருவேளை டீ குடித்தபடி செய்த வேலை.
அந்த நேர்த்தியைத்தான் தாங்க முடியவில்லை எனக்கு.

டயாலிசிஸ்காரர் ஒருவரை
இந்த மூன்று மாதமும் வாரம் ரெண்டு தடவை
உசிலம்பட்டியிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு
இதில்தான் கூட்டி வந்தேன்.

தவசிக்குப் போட்டேன். சுவிட்ச் ஆப்.
அண்ணன் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார்,
இஞ்சினை இறக்கினால் நாற்பதாயிரம்.
அஞ்சாம் தேதி தவணை.

உரித்த டேப்பைக் கட்டைவிரலில் ஒட்டிப் பார்த்தேன்,
நகத்துக்கு அளவாக இருந்தது.

பலகையை மாட்டி, சாவி, முதல் திருகு.
பன்னிரண்டு பேரும் எழுந்தார்கள்.
இரண்டாம் திருகு.
பதினொரு பேர் உட்கார்ந்தார்கள்.
சிவப்பு மட்டும் நின்றது.

"அமத்திரும்மா, ஓட விடாத" என்றார் அண்ணன்.
அமத்தினேன்.
மறுபடி முதல் திருகு மட்டும் போட்டு,
மூன்று மாதமாய் நான் பெயர் கூப்பிடாத பிள்ளையைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.